கெட்டமைனும் கூட்டு மருந்துகளும்

கெட்டமைன் அறுவைச் சிகிச்சைக்காக உருவான மயக்க மருந்து. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் இருந்த பார்க்-டேவிஸ் மருந்து நிறுவனத்துக்காக வேதியியல் பேராசிரியர் கால்வின் ஸ்டீவன்ஸ் 1962-இல் இதைத் தயாரித்தார். அதே நிறுவனம் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் பென்சைக்ளிடின் என்ற மருந்தை மயக்கத்துக்குக் கொடுத்துப் பார்த்திருந்தது. அதில் வலி முழுதாக அடங்கியது. ஆனால் கண்விழித்த நோயாளிகள் மணிக்கணக்கில் சித்தம் கலங்கிப் பிதற்றினார்கள். அந்த மூலக்கூற்றை மாற்றி மாற்றி, வீரியமும் நீடிக்கும் நேரமும் குறைந்த ஒன்றைத் தேடியபோது கெட்டமைன் கிடைத்தது. 1964-இல் மிச்சிகன் மாநிலச் சிறையில், முன்வந்த கைதிகளிடம் எட்வர்ட் டொமினோவும் குந்தர் கார்சனும் இதைச் சோதித்தனர். 1970-இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. வியட்நாம் போரில் காயம்பட்ட வீரர்களுக்கு இது கைகொடுத்தது. 1985 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது.

மயக்கவியல் மருத்துவர்கள் இதை விரும்புவதற்குக் காரணம் உண்டு. மற்ற மயக்க மருந்துகள் பெரும்பாலும் மூச்சைத் தளர்த்தும், இரத்த அழுத்தத்தை இறக்கும். கெட்டமைன் கொடுத்த நோயாளி வலி அறியாமல் கிடப்பார். ஆனால் மூச்சு தானாகவே ஓடும், இரத்த அழுத்தம் சற்று ஏறவே செய்யும். செயற்கைச் சுவாசக் கருவி இல்லாத சிறிய மருத்துவமனையிலும், நிலநடுக்கம் கண்ட ஊரில் போட்ட கூடாரத்திலும், மின்சாரம் போய்ப்போய் வரும் இடத்திலும் இதை நம்பி ஒரு காலை அறுத்தெடுக்க முடியும். 'பாதுகாப்பான மயக்க மருந்து' என்ற பெயர் இப்படித்தான் அதற்கு வந்தது.

அந்தப் பெயர் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டது. அளவு தெரிய வேண்டும். வயிறு காலியாக இருக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உடலில் வேறு என்ன மருந்து ஓடுகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். மயக்க மருந்து கொடுக்கும் அறைக்கு வெளியே, கேளிக்கைக்காகவோ மனவலி மறக்கவோ கெட்டமைனை எடுப்பவரிடம் இவற்றில் ஒன்றுகூட இருப்பதில்லை. நியூயார்க் நகரில் இறந்தவர்களின் உடலில் கெட்டமைன் காணப்பட்ட நிகழ்வுகளைத் தடயவியல் மருத்துவர்கள் தொகுத்து 2000-இல் வெளியிட்ட ஆய்வில், கெட்டமைன் மட்டுமே காரணமான நச்சுச்சாவு ஒன்றுகூட இல்லை. மருத்துவமனைக்கு வெளியே நடந்த சாவுகளில் ஓபியாய்டு, ஆம்ஃபெடமைன், கொக்கைன் போன்றவை கூடவே இருந்தன. இங்கிலாந்தில் பின்னர் தொகுக்கப்பட்ட விவரங்களிலும் பெரும்பாலான சாவுகளில் வேறு பொருள்கள் கலந்தே இருந்தன. ஆகவே கெட்டமைனின் ஆபத்தைப் பேசுவதென்றால், அதனோடு சேர்வது எது என்பதிலிருந்தே பேச வேண்டும்.

மூளை நரம்புகள் ஒன்றையொன்று தூண்டிக்கொள்ளப் பயன்படும் முதன்மையான வேதிப்பொருள் குளூட்டமேட். அது வந்து அமரும் ஏற்பிகளில் ஒரு வகைக்கு என்.எம்.டி.ஏ. ஏற்பி என்று பெயர். ஏற்பி திறந்தால் அதன் நடுவே உள்ள துளை வழியாகக் கால்சியம் உள்ளே பாயும். கெட்டமைன் அந்தத் துளைக்குள்ளேயே போய் அடைத்துக்கொள்கிறது. 1980களின் தொடக்கத்தில் டேவிட் லாட்ஜ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதைக் கண்டறிந்தார்கள். துளை அடைபட்டதும், உடலிலிருந்து வரும் செய்திகள் மூளையின் மேற்பகுதியில் பொருளாகச் சேர்வது தடைபடுகிறது. கண் திறந்தே இருக்கும், கருவிழி மெல்ல ஆடிக்கொண்டிருக்கும், கை அசையும். ஆனால் ஆள் அங்கே இல்லை. இதை விலகல் மயக்கம் என்பார்கள்.

இதோடு இன்னொரு வேலையையும் கெட்டமைன் செய்கிறது. நரம்பு முனைகள் வெளிவிட்ட அட்ரீனலின் இனத்துப் பொருள்களைத் திரும்ப உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. அதனால்தான் இதயம் வேகமாகத் துடிக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. இங்கே பலர் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்று இருக்கிறது. இதயத் தசையின் மேல் கெட்டமைன் நேரடியாகச் செய்வது தளர்ச்சிதான். அட்ரீனலின் வேகம் அந்தத் தளர்ச்சியை மூடிவிடுகிறது. உடலில் அந்த வேகம் தீர்ந்துபோயிருந்தாலோ, வேறொரு மருந்து அதை அடக்கிவிட்டாலோ, மறைந்திருந்த தளர்ச்சி வெளியே வரும்; ஏற வேண்டிய அழுத்தம் சரியும். மூச்சு விஷயமும் அப்படியே. கெட்டமைனை நரம்பில் வேகமாகச் செலுத்தினால் தனியாகவே சில கணங்கள் மூச்சு நிற்கலாம் என்று மருந்தின் குறிப்பேடே எச்சரிக்கிறது. கெட்டமைனின் பாதுகாப்பு முட்டுக்கொடுத்து நிற்கும் சுவர்; பக்கத்தில் வரும் மருந்து அந்த முட்டை உருவிவிடக்கூடும்.

மருந்துகள் இரண்டு வழிகளில் ஒன்றையொன்று பாதிக்கும். முதலாவது, இரண்டும் ஒரே உறுப்பில் வேலை செய்து விளைவைக் கூட்டுவது அல்லது குறைப்பது. இரண்டாவது, ஒன்று மற்றொன்றை உடல் கரைத்து வெளியேற்றும் வேகத்தை மாற்றிவிடுவது. முதல் வழியில் வரும் ஆபத்து நிமிடங்களில் தெரியும். இரண்டாவது சத்தமில்லாமல் வரும்.

மிகப் பரவலான கூட்டாளி மதுதான். மது மூளையில் காபா என்ற அடக்கும் வேதிப்பொருளின் வேலையைக் கூட்டுகிறது; என்.எம்.டி.ஏ. ஏற்பியையும் ஓரளவு தடுக்கிறது. அதாவது கெட்டமைன் அடைக்கும் கதவையே மதுவும் பாதி சாத்திவைத்திருக்கிறது. அதன்மேல் கெட்டமைன் வந்தால், தனியாக எடுத்தபோது தலைசுற்றலோடு நின்ற அதே அளவு இப்போது நினைவிழப்பில் கொண்டுபோய் விடும். கெட்டமைன் குமட்டலைத் தரும்; மதுவும் தரும். கெட்டமைன் வாயில் எச்சிலைப் பெருக்கும். அறுவை அரங்கில் நோயாளியைப் பல மணி நேரம் வெறும் வயிற்றில் வைத்திருப்பதும், எச்சிலை வற்றவைக்கும் மருந்து முன்கூட்டியே கொடுப்பதும், உறிஞ்சு குழாயைத் தலைமாட்டில் தயாராக வைத்திருப்பதும் இதற்காகத்தான். விருந்தில் உண்டு குடித்தவரின் வயிறு நிறைந்திருக்கிறது. மல்லாந்து கிடக்கும் நிலையில் வாந்தி வருகிறது. தொண்டையின் தற்காப்பு, இருமல், விழுங்கல் எல்லாம் மதுவால் மந்தமாகிவிட்டன. மேலெழும்பியது மூச்சுக்குழாய்க்குள் போகிறது. எச்சில் தூண்டுதலால் குரல்வளை திடீரென்று இறுகிக்கொள்வதும் உண்டு. அப்போது நெஞ்சு ஏறி இறங்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. பக்கத்தில் இருப்பவர் அதைப் பார்த்து மூச்சு ஓடுவதாக எண்ணிக்கொள்வார்.

ஓபியாய்டுகளின் கதை இதைவிடக் கடுமையானது. மார்ஃபின், ஹெராயின், ஃபென்டனில், மெத்தடோன், புப்ரினார்ஃபின், டிரமடால், டேபென்டடால் எல்லாம் இந்தக் குடும்பம். மூளைத்தண்டில் கரியமில வாயுவின் அளவை உணர்ந்து மூச்சை முடுக்கும் பகுதியை இவை மந்தமாக்குகின்றன. மருத்துவமனையில் கெட்டமைனும் ஓபியாய்டும் வேண்டுமென்றே சேர்த்துக் கொடுக்கப்படுகின்றன. சிறிதளவு கெட்டமைன் சேர்த்தால் வலிக்கு வேண்டிய மார்ஃபின் அளவு குறையும் என்பதே நோக்கம். அங்கே இரண்டின் அளவும் மில்லிகிராம் கணக்கில் தெரியும், விரலில் ஆக்சிஜன் அளவி மாட்டியிருக்கும். வெளியே இந்தக் கூட்டு எப்படி முடியலாம் என்பதற்கு உலகம் அறிந்த ஒரு சாவு உண்டு.

'ஃப்ரெண்ட்ஸ்' தொலைக்காட்சித் தொடரின் நடிகர் மாத்யூ பெர்ரி 2023 அக்டோபர் 28-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் தம் வீட்டின் வெந்நீர்த் தொட்டியில் இறந்து கிடந்தார். வயது 54. மனச்சோர்வுக்கு அவர் மருத்துவக் கண்காணிப்பில் கெட்டமைன் சிகிச்சை பெற்றுவந்தவர். ஆனால் தெரிந்தவரை கடைசிச் சிகிச்சை சுமார் ஒன்றரை வாரத்துக்கு முன்பு. கெட்டமைன் இரத்தத்தில் பாதியாகக் குறையச் சில மணி நேரமே ஆகும். ஆகவே இரத்தத்தில் கண்டது அந்தச் சிகிச்சையின் மிச்சமாக இருக்க முடியாது என்று உடற்கூறாய்வு அறிக்கை சொன்னது. கண்ட அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 3,540 நானோகிராம். முழு மயக்கத்தில் அறுவைச் சிகிச்சை பெறுபவர்களிடம் காணப்படும் அளவு 1,000 முதல் 6,000 நானோகிராம் வரை. மயக்கவியல் மருத்துவர் இல்லாமல், நீருக்குள், தனியாக, அறுவை அரங்குக்குரிய மயக்கத்தில் ஒரு மனிதர் இருந்திருக்கிறார். சாவுக்குக் காரணம் கெட்டமைனின் கடும் விளைவுகள் என்று எழுதிய அறிக்கை, துணைக் காரணங்களாக மூன்றைச் சேர்த்தது: நீரில் மூழ்கியது, இதயத் தமனி நோய், புப்ரினார்ஃபின்.

அந்த மூன்றாவது பெயரைச் சற்று நின்று பார்ப்பது நல்லது. புப்ரினார்ஃபின் ஓபியாய்டு பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்குக் கொடுக்கும் மருந்து. பல உயிர்களைக் காத்த மருந்து. இது ஏற்பியைப் பாதியளவே தூண்டுவதால், அளவைக் கூட்டினாலும் மூச்சுத் தளர்ச்சி ஓர் எல்லையைத் தாண்டாது. ஆனால் அந்த எல்லை, மருந்து தனியாக இருக்கும்வரைதான். உறக்க மருந்தோ மதுவோ உயர்ந்த அளவு கெட்டமைனோ சேர்ந்தால் எல்லை உடைகிறது. தனித்தனியே பார்த்தால் பாதுகாப்பானவை என்று பெயரெடுத்த இரண்டு மருந்துகள் அந்தத் தொட்டியில் ஒன்றுசேர்ந்தன. சாவு நீரில் நிகழ்ந்ததும் தற்செயல் அல்ல. கெட்டமைன் எடுத்தவர்களின் விபத்துச் சாவுகளில் மூழ்குதல் திரும்பத் திரும்ப வருகிறது. நீர் முகத்தின்மேல் ஏறுவதை உடல் உணராது, உணர்ந்தாலும் கை எழாது.

உறக்கமும் அமைதியும் தரும் பென்சோடயசிபைன் குடும்பத்து மாத்திரைகளான டயசிபாம், அல்பிரசோலம், லோராசிபாம், குளோனசிபாம் ஆகியவை கெட்டமைனுக்குப் பழைய தோழர்கள். கெட்டமைனிலிருந்து விழிப்பவர்களில் சுமார் 12 சதவீதத்தினருக்குப் பயங்கரக் கனவு, குழப்பம், அலறல் போன்றவை வருவதாக மருந்தின் குறிப்பேடு சொல்கிறது. அதைத் தணிக்க மருத்துவர் மிடசோலம் சிறிதளவு கொடுப்பார். அறுவை அரங்கில் இதைப் பார்த்தால் மிக எளிமையாகத் தோன்றும்: மிடசோலம் ஊசி, சற்று இடைவெளி, கெட்டமைன் ஊசி, கண் நிலைகுத்துகிறது, முடிந்தது. பார்வையில் படாதது அந்த இடைவெளியில் மருத்துவர் செய்வது. தாடையை மேலே தூக்கிப் பிடித்து நாக்கு பின்னால் சரியாமல் பார்க்கிறார். நெஞ்சின் அசைவையும் திரையின் எண்ணையும் மாறி மாறிக் கவனிக்கிறார். எண் இறங்கினால் முகமூடியை வைத்துப் பையை அழுத்தி மூச்சைத் தருகிறார். அந்தக் கையை எடுத்துவிட்டால் எஞ்சுவது, மூச்சை மந்தமாக்கும் மாத்திரையும் ஆளைச் செயலிழக்கவைக்கும் தூளும் மட்டுமே. மேலும் டயசிபாம், கெட்டமைன் உடலை விட்டு வெளியேறுவதைத் தாமதப்படுத்துவதும் உண்டு.

2021 ஜனவரியில் பாங்காக்கில் இந்தக் கூட்டு ஊரையே உலுக்கியது. 'கே-பால்பவுடர்' என்று பொருள்படும் பெயரில் விற்ற ஒரு தூளை உறிஞ்சிய இளைஞர்கள் சில நாள்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதில் கெட்டமைனோடு உறக்க மருந்து கலந்திருந்தது. எடுத்தவர்கள் இரண்டு மருந்தைக் கலந்து எடுக்கிறோம் என்று நினைத்து எடுக்கவில்லை; ஒரே பொட்டலத்தில் ஒரே பெயரில் வாங்கினார்கள். கலப்பு என்றால் ஒருவர் தெரிந்தே இரண்டை எடுப்பது என்று எண்ணுவோருக்கு இந்தச் சாவுகள் வேறொன்றைக் காட்டின: கலப்பு பல நேரம் விற்பவரின் கையிலேயே முடிந்துவிடுகிறது.

ஜி.எச்.பி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் திரவமும் இந்த அடக்கும் வகையைச் சேர்ந்ததே. மயக்கம் தரும் அளவுக்கும் மூச்சை நிறுத்தும் அளவுக்கும் இடையே அதில் மிகச் சிறிய இடைவெளிதான் உண்டு. கெட்டமைன் சேர்ந்தால் அந்த இடைவெளியும் போய்விடும்.

தூண்டும் வகைப் பொருள்கள் எதிர்த்திசையில் வேலை செய்கின்றன. கொக்கைன், ஆம்ஃபெடமைன், மெத்தாம்ஃபெடமைன், எக்ஸ்டசி எனப்படும் எம்.டி.எம்.ஏ. ஆகியவற்றை, கெட்டமைனின் மந்தத்தை ஈடுகட்டும் என்று நம்பிச் சிலர் சேர்க்கிறார்கள். மூளையில் ஈடுகட்டுவதுபோல் தோன்றினாலும் இதயத்தில் இரண்டும் ஒரே பக்கம் இழுக்கின்றன. கெட்டமைன் அட்ரீனலின் இனப் பொருள்கள் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது என்று மேலே பார்த்தோம். கொக்கைனின் முதன்மை வேலையே அதுதான். நாடி விரைகிறது, அழுத்தம் ஏறுகிறது, இதயத் தசைக்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டியிருக்கிறது. அதே நேரத்தில் கொக்கைன் இதயத் தமனிகளைச் சுருக்குவதால் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. மாரடைப்பும் துடிப்புச் சீர்கேடும் மூளை இரத்தக்கசிவும் இருபது வயதுக்காரருக்கும் வரக்கூடியவையாகின்றன. நெஞ்சுவலிதான் முதல் எச்சரிக்கை. கெட்டமைனோ வலியை அறியவிடாத மருந்து.

நேரக்கணக்கு இன்னொரு பொறி. உறிஞ்சிய கொக்கைனின் வேகம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தணியத் தொடங்கும். அதுவரை தாங்கிப் பிடித்திருந்த விழிப்பு போனதும், அதன் துணிச்சலில் கூடுதலாக எடுத்த கெட்டமைன் முழுதாக வெளிப்படும். மெத்தாம்ஃபெடமைனில் கணக்கு தலைகீழ். அது பல மணி நேரம் ஓடும். கெட்டமைனின் விலகல் ஒரு மணி நேரத்துக்குள் தேய்ந்துவிடும். ஆகவே மறுபடி, மறுபடி எடுக்கத் தோன்றும். அளவு கையைவிட்டுப் போகும். எம்.டி.எம்.ஏ.வில் உடல் வெப்பம் ஆபத்தாக ஏறும். நடனக்கூடத்தின் புழுக்கத்தில் தாகம், களைப்பு, காந்தல் ஆகிய உணர்வுகள்தான் ஒருவரை வெளியே காற்றுக்கு அனுப்பும். கெட்டமைன் அந்த உணர்வுகளிலிருந்து அவரைப் பிரித்துவைக்கிறது.

கொலம்பியாவில் தொடங்கி ஸ்பெயின் முதல் பல நாடுகளுக்குப் பரவிய 'துசி' என்ற இளஞ்சிவப்புத் தூள் இந்த இரட்டை இழுப்பின் கடைச்சரக்கு வடிவம். இளஞ்சிவப்புக் கொக்கைன் என்றும் சொல்வார்கள். பரிசோதனைக் கூடங்களில் அதில் பெரும்பாலும் கண்டது கெட்டமைன், எம்.டி.எம்.ஏ., காஃபீன்; கொக்கைன் அரிதாகவே இருந்தது. நிறமும் மணமும் ஒரே மாதிரி இருந்தாலும் பொட்டலத்துக்குப் பொட்டலம் விகிதம் மாறுகிறது.

மனநிலைக் கேடுகளையும் இங்கே சொல்ல வேண்டும். ஆரோக்கியமானவர்களுக்குச் சிறிதளவு கெட்டமைன் கொடுத்தால் மனச்சிதைவு நோயை ஒத்த அறிகுறிகள் சிறிது நேரம் தோன்றுவதை யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் கிரிஸ்டலும் குழுவினரும் 1994-இல் காட்டினார்கள். ஆம்ஃபெடமைன் வகையும் வீரியமான கஞ்சாவும் தம்மளவில் பிரமையையும் சந்தேகத்தையும் கிளப்பக்கூடியவை. இவை சேரும்போது ஒருவர் மாடியிலிருந்து இறங்குவதும் சாலையைக் கடப்பதும்கூட உயிராபத்தாக முடியலாம். வீட்டில் யாருக்காவது மனச்சிதைவு இருந்த குடும்பத்தினருக்கு இந்த அபாயம் கூடுதல்.

மேலே சொன்னவை போதைப் பழக்கத்தோடு ஒட்டியவை. மருந்துக்கடையில் சாதாரணமாக வாங்கும் மாத்திரைகளிலும் கெட்டமைனோடு மோதுபவை உண்டு. ஆஸ்துமாவுக்குத் தமிழ்நாட்டில் பலர் ஆண்டுக்கணக்காக விழுங்கும் டெரிஃபிலின் மாத்திரையில் தியோஃபிலின் இருக்கிறது. தியோஃபிலினும் கெட்டமைனும் சேர்ந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. முன்னறிகுறி எதுவுமில்லாமல் வலிப்பு வந்ததாகப் பதிவுகள் உள்ளன. கெட்டமைன் மூச்சுக்குழலை விரிக்கும் என்பதால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஏற்ற மயக்க மருந்தாகவே கருதப்படுகிறது. அதனாலேயே இந்த மோதலை முன்கூட்டித் தெரிந்துவைப்பது முக்கியம். டிரமடால் தனியாகவே வலிப்பைத் தூண்டக்கூடியது. அதையும் இந்த வரிசையில் வைக்க வேண்டும். தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்குக் கெட்டமைன் கொடுத்தபோது அழுத்தமும் நாடியும் மிகையாக ஏறிய நிகழ்வுகள் 1970கள் முதலே பதிவாகியுள்ளன. எம்.ஏ.ஓ. தடுப்பான் என்ற பழைய வகை மனச்சோர்வு மருந்தும் அழுத்தத்தை ஏற்றுவதில் கெட்டமைனுக்குத் துணைபோகும். இருமல் மருந்துகளில் வரும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், கெட்டமைன் அடைக்கும் அதே என்.எம்.டி.ஏ. துளையை அடைப்பது. ஒரு தேக்கரண்டி மருந்தில் இது தெரியாது; போதைக்காகப் பாட்டில் கணக்கில் குடிப்பவருக்குத் தெரியும்.

இனி கல்லீரல். கெட்டமைனை உடைத்து நார்கெட்டமைன் ஆக்குவது கல்லீரல் நொதிகள். அவற்றில் சி.ஒய்.பி. 3ஏ4, 2பி6 என்ற இரண்டும் முதன்மையானவை. கெட்டமைனை வாய்வழி எடுத்தால் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போய், பெரும்பகுதி அங்கேயே உடைந்து, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் இரத்தத்தை எட்டும். தசையில் போட்ட ஊசியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எட்டிவிடும். ஆகவே இந்த நொதிகளைத் தடுக்கும் எதுவும், வாய்வழி எடுத்த கெட்டமைனை எதிர்பாராத அளவுக்கு உயர்த்தும். ஃபின்லாந்து ஆய்வாளர்கள் இதை முறையாக அளந்து பார்த்தார்கள். கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியை எடுத்தவர்களின் உடலில் வாய்வழி எஸ்-கெட்டமைனின் மொத்த அளவு சுமார் 2.6 மடங்கானது. கிரேப்ஃப்ரூட் சாறு குடித்தவர்களிடம் அது சுமார் 3 மடங்கானது. காசநோய்க்கு இந்தியாவில் இலட்சக்கணக்கானோர் எடுக்கும் ரிஃபாம்பிசின் எதிர்மாறாக நொதிகளைப் பெருக்கிவிடுகிறது. அதை எடுத்தவர்களிடம் வாய்வழி கெட்டமைனின் பெரும்பகுதி வேலை செய்யாமலே போனது. இதில் ஒரு மறைமுக அபாயம் உண்டு. மருந்து பலிக்கவில்லை என்று அளவைக் கூட்டியவர், ரிஃபாம்பிசின் நிறுத்திய சில வாரங்களில் அதே கூடிய அளவால் பாதிக்கப்படலாம்.

மனச்சோர்வுக்கான சிகிச்சையாகக் கெட்டமைன் வந்தபிறகு இந்தக் கேள்விகள் பல நாடுகளின் மனநலப் பிரிவுகளுக்கும் வந்துவிட்டன. 2000-இல் யேல் குழு ஒன்று மிகச் சிறு அளவு கெட்டமைன் சில மணி நேரத்திலேயே மனச்சோர்வைத் தணிப்பதை வெளியிட்டது. 2019 மார்ச்சில் எஸ்கெட்டமைன் மூக்குத்தெளிப்பு 'ஸ்பிராவாட்டோ' என்ற பெயரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதில்லை. மருத்துவ மையத்திலேயே தெளித்து, குறைந்தது 2 மணி நேரம் அங்கேயே உட்காரவைத்து, அழுத்தத்தை அளந்து, மறுநாள் வரை வாகனம் ஓட்டக் கூடாது என்று சொல்லி அனுப்புகிறார்கள். மது, உறக்க மாத்திரை, தூண்டும் மருந்துகள் ஆகியவற்றைப் பற்றிய எச்சரிக்கை அதன் குறிப்பேட்டில் இருக்கிறது. செர்ட்ரலின் போன்ற வழக்கமான மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுப்பதில் பொதுவாகச் சிக்கல் இல்லை. ஸ்பிராவாட்டோவே முதலில் அப்படிச் சேர்த்துக் கொடுப்பதற்குத்தான் ஒப்புதல் பெற்றது. சில மருந்துகள் ஆபத்தைக் கூட்டாமல் பயனைக் கெடுக்கின்றன. பென்சோடயசிபைன் அதிகம் எடுப்பவர்களிடம் சிகிச்சையின் பலன் குறைவதாகப் பார்க்கப்பட்டிருக்கிறது. ஓபியாய்டு ஏற்பியை அடைக்கும் நால்ட்ரெக்ஸோனை முன்கூட்டிக் கொடுத்தபோது மனச்சோர்வு தணியாததை ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2018-இல் ஒரு சிறு குழுவில் கண்டார்கள்.

கால்நடை மருத்துவத்தில் கெட்டமைன் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. இந்தியாவில் காட்டு யானையை மயக்க ஊசி சுட்டுப் பிடிக்கும்போது சைலசீனும் கெட்டமைனும் சேர்த்தே பயன்படுகின்றன. கெட்டமைன் தசைகளை விறைக்கவைக்கும், சைலசீன் தளர்த்தும். ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. வேலை முடிந்ததும் சைலசீனுக்கு மாற்று ஊசி போட்டு விலங்கை எழுப்புவார்கள். மனிதரில் சைலசீன் நாடியையும் அழுத்தத்தையும் கடுமையாக இறக்கும். மனிதருக்கென ஒப்புதல் பெற்ற மாற்று மருந்து அதற்கு இல்லை. கால்நடை மருந்துக்கான புட்டியிலிருந்து களவாகப் போகும் மருந்தை எடுப்பவர் இதையும் சேர்த்தே எடுக்கும் வாய்ப்பு உண்டு. இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியாவுக்குக் கெட்டமைன் கடத்தல் பெருகியதால், 2011-இல் அது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. 2013-இல் மருந்துச் சட்டத்தின் எக்ஸ் அட்டவணையில் சேர்ந்தது. இப்போது மருந்துக்கடை இதை விற்க வேண்டுமானால் மருத்துவச்சீட்டின் நகலை 2 ஆண்டுகள் பாதுகாத்துவைக்க வேண்டும்.

கலப்பில் சிக்கியவருக்குச் செய்ய வேண்டியவை சில. கெட்டமைனுக்கு மாற்று மருந்து கிடையாது. உடல் அதைக் கரைத்து வெளியேற்றும்வரை உயிரைத் தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. கூட இருப்பது ஓபியாய்டு என்றால் நாலோக்சோன் ஊசி மூச்சைத் திருப்பித் தரும்; கெட்டமைனின் மயக்கம் அதனால் கலையாது. எனவே நாலோக்சோன் கொடுத்தும் கண் திறக்கவில்லை என்று கைவிடக் கூடாது. மூச்சு சீராகிறதா என்பதே அளவுகோல். பென்சோடயசிபைனுக்கு ஃபுளூமசெனில் உண்டு. பழக்கப்பட்டவருக்கு அது வலிப்பை வரவழைக்கும் என்பதால் மருத்துவமனையில் மட்டுமே, அதுவும் யோசித்தே கொடுப்பார்கள். தூண்டும் பொருள் சேர்ந்து உடல் கொதித்தால் குளிரவைப்பதும், படபடப்புக்குக் கண்காணிப்போடு பென்சோடயசிபைன் கொடுப்பதும் வழக்கம். வெளியே ஆபத்தாகும் அதே மாத்திரை அங்கே மருந்தாகிறது.

பக்கத்தில் இருப்பவர் முதலில் செய்ய வேண்டியது 108-ஐ அழைப்பது. மூச்சு ஓடுகிறதென்றால் ஆளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் உள்ளதை வடியவிட வேண்டும். வாந்தி எடுக்கவைப்பதும், மோரோ எலுமிச்சைச் சாறோ புகட்டுவதும், தலையில் நீர் ஊற்றிக் குளியலறையில் உட்காரவைப்பதும் நினைவில்லாதவரின் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். தூங்கட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டுப் போவது இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. மூச்சு நின்றாலோ எப்போதாவது ஒரு முறை வெட்டி இழுத்தாலோ நெஞ்சை அழுத்தி முதலுதவி தொடங்க வேண்டும். என்ன எடுத்தார், எத்தனை மணிக்கு, கூட என்ன மாத்திரை, எவ்வளவு குடித்தார் என்ற விவரங்களை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். காவல்துறை அச்சத்தில் மறைத்த ஒரு மாத்திரையின் பெயர்தான் பல நேரம் எந்த ஊசி போடுவது என்பதைத் தீர்மானிப்பது. பழக்கத்திலிருந்து விடுபட நினைப்பவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் 14446 என்ற தேசிய உதவி எண் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் இதே விதி பொருந்தும். முதல்நாள் மயக்கவியல் மருத்துவர் வந்து கேட்கும்போது, இரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகளோடு நிறுத்திக்கொள்ளாமல் ஆஸ்துமா, தைராய்டு, காசநோய், உறக்க மாத்திரைகளையும், குடிப்பழக்கத்தையும், வேறெந்தப் பழக்கம் இருந்தாலும் அதையும் சொல்லிவிட வேண்டும். நாள்தோறும் குடிப்பவருக்கும் ஓபியாய்டு எடுப்பவருக்கும் மயக்க மருந்தின் அளவே மாறும். கெட்டமைனைத் தொடர்ந்து எடுத்தவர்களுக்குச் சிறுநீர்ப்பை சுருங்கிப் புண்ணாவதும் கல்லீரல் கெடுவதும் உண்டு என்பதால் கூடுதல் பரிசோதனைகள் தேவைப்படலாம். அந்த உரையாடலில் கிடைக்கும் பட்டியலை வைத்துத்தான் மருத்துவர் கெட்டமைன் கொடுப்பதா, கொடுத்தால் எதனோடு, எதற்குப் பிறகு, எவ்வளவு என்று முடிவு செய்கிறார்.